தொழில்முறை இசைக்கலைஞர்களின் பேஸ் கித்தார்கள்

பேஸ் கித்தார் என்பது இசைக்குழுவில் தாழ்ந்த சுரங்களை வாசிக்கப் பயன்படும் மின்கித்தார் வகையாகும். பொதுவாக இதில் நான்கு தந்திகள் இருக்கும். இவை சாதாரண கித்தாரின் தடித்த நான்கு தந்திகளைவிட ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்க்கப்படுகின்றன. மிகத் தாழ்ந்த தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்சு. பல நிறுவனங்கள் பல வகை பேஸ் கித்தார்களைத் தயாரித்தாலும், தொழில்முறைக் கலைஞர்கள் பலர் 1950கள் முதல் 1970கள் வரை உருவான சில வடிவமைப்புகளையே திரும்பத் திரும்ப நாடுகின்றனர்.

பிரிசிஷன் பேஸ்

1951இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் இக்கருவியை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன் பெரும்பாலும் ஆளுயர டபுள் பேஸே தாழ்சுரங்களுக்குப் பயன்பட்டது. அதில் வீணைக்கு இருப்பதுபோன்ற மெட்டுகள் இல்லாததால், சரியான சுரத்தை விரலே தேடிப் பிடிக்க வேண்டும். புதிய கருவியில் மெட்டுகள் இருந்தமையால் சுரம் துல்லியமாக நின்றது. துல்லியம் என்னும் பொருள்படும் பெயர் வந்தது இதனால்தான்.

தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச்சுருள் அமைப்பு பிக்அப் எனப்படும். 1957 முதல் பிரிசிஷன் பேஸின் பிக்அப் இரண்டு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, மின் இரைச்சல் நீங்கும்படி இணைக்கப்பட்டது. இதன் கனமான நடுத்தர ஒலி, மேளம், குரல், கித்தார் ஆகியவற்றுக்கிடையே மறையாமல் கேட்கும். பதிவுக்கூடங்கள் இதனை விரும்புவதற்கு இது முக்கியக் காரணமாகும்.

டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனப் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸைப் பயன்படுத்தினார். மேற்பரப்பு வழவழப்பான, தடித்த தந்திகளைப் பூட்டி, அறுந்தால் அன்றி அவற்றை மாற்றாமல் வைத்திருந்தார். வலக்கையின் ஆள்காட்டி விரலால் மட்டுமே மீட்டினார். 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு அக்கருவி திருடப்பட்டது, அது மீளவில்லை.

ஜாஸ் பேஸ்

ஃபெண்டர் நிறுவனம் 1960இல் வெளியிட்ட இக்கருவியில் இரண்டு பிக்அப்கள் உள்ளன. கழுத்தின் மேல்முனை அகலம் சுமார் 38 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் விரைவாக வாசிப்பது எளிது. குதிரைக்கு அருகிலுள்ள பிக்அப்பின் அளவைக் கூட்டினால் ஒலி கூர்மையாகும். கழுத்துப் பக்க பிக்அப்பைக் கூட்டினால் ஒலி தடிக்கும். இவ்வாறு ஒரே கருவியில் பல ஒலிகளைப் பெறலாம்.

ஜாக்கோ பாஸ்டோரியஸ் மெட்டுகள் நீக்கப்பட்ட 1962ஆம் ஆண்டு ஜாஸ் பேஸை வாசித்தார். தந்திகள் விரல்பலகையைத் தேய்த்துவிடாமல் இருக்க, படகுகளுக்குப் பூசும் எப்பாக்சி அதன்மேல் பூசப்பட்டது. மெட்டு இல்லாததால் வயலினில்போல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்ல முடிந்தது. 1986இல் நியூயார்க்கில் களவு போன அக்கருவி, அவர் மறைந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டது. கட்டைவிரலால் தந்தியைத் தட்டி வாசிப்பதில் பெயர்பெற்ற மார்கஸ் மில்லர், 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் முன்பெருக்கி ஒன்றைப் பொருத்தி வாசிக்கிறார்.

ஹாஃப்னர் 500/1

இது வயலின் வடிவில் உள்ள ஜெர்மானியக் கருவி. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் இதை வாங்கினார். விலை குறைவு என்பதோடு, இருபுறமும் ஒத்த வடிவம் இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் காரணம். உள்ளீடற்ற உடலால் எடை குறைவு. தந்தியின் அதிரும் நீளம் சுமார் 76 செ.மீ. ஃபெண்டரில் அது 86 செ.மீ. என்பதால், ஹாஃப்னரில் விரல்கள் அதிகம் விரிய வேண்டியதில்லை. அந்த முதல் கருவி 1972இல் லண்டனில் திருடப்பட்டு, மீண்டும் அவரிடம் சேர்ந்துவிட்டதாக 2024இல் அறிவிக்கப்பட்டது.

ஸ்டிங்ரே

மியூசிக் மேன் நிறுவனம் 1976இல் வெளியிட்ட ஸ்டிங்ரே, மின்கலத்தால் இயங்கும் முன்பெருக்கியுடன் வந்தது. கருவியிலேயே தாழ்சுர, மேல்சுர ஒலிகளைக் கூட்டிக் குறைக்கலாம். கம்பிவடம் நீளமானாலும் ஒலி மங்காது. நடன இசைக்குழுவான ஷிக்கின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் இதனைப் பயன்படுத்தினார்.

கூடுதல் தந்திகள்

1975இல் ஆன்டனி ஜாக்சனுக்காகக் கார்ல் தாம்சன் ஆறு தந்திக் கருவி ஒன்றைச் செய்தளித்தார். இன்று ஐந்து தந்திக் கருவிகளும் பரவலாக உள்ளன. கூடுதல் தாழ்தந்தி சுமார் 31 ஹெர்ட்சு வரை இறங்குவதால், மின்விசைப்பலகைகளின் தாழ்சுரங்களுக்கு ஈடாக வாசிக்க முடிகிறது.

தேர்வைத் தீர்மானிப்பவை

எடை, கழுத்தின் அகலம், வாசிக்கும் இசைவகை, ஒலிப்பதிவாளருக்குப் பழக்கமான ஒலி ஆகியவை தேர்வைத் தீர்மானிக்கின்றன. பல இடங்களில் பணியாற்றும் பதிவுக்கூடக் கலைஞர் ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகளை வைத்திருப்பதும் உண்டு.

எனினும், கருவியின் பெயர் மட்டும் ஒலியைத் தருவதில்லை. ஜேமர்சனின் அதே மாதிரிக் கருவியை வாங்கி, அதில் சொரசொரப்பான புதுத் தந்திகளைப் பூட்டி, பிளெக்ட்ரத்தால் மீட்டினால் அவருடைய ஒலி வராது. தந்தியின் வகை, அதன் வயது, விரல் படும் இடம், மீட்டும் அழுத்தம் ஆகியவை ஒலியை வெகுவாக மாற்றுகின்றன. ஆகவே புதிதாகக் கற்போர் புகழ்பெற்றவரின் கருவியை விலை கொடுத்துத் தேடுவதற்கு முன், தம் கைக்குப் பொருந்தும் எளிய கருவியில் தந்திகளை மாற்றியும் மீட்டும் இடத்தை மாற்றியும் பார்ப்பது பயனுள்ளது.