உள்ளங்கையில் ஒரு ரோமக் காசு

பெங்களூருவின் யஷ்வந்த்பூரில் நாள்தோறும் ரயில் ஏறி இறங்குவோரில், அவ்வட்டார மண்ணில் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதைந்து கிடந்த செய்தியை அறிந்தவர் சிலரே. 1891-இல் அங்கே ஒரு புதையல் வெளிப்பட்டது, 1965-இல் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மற்றொன்று. அகஸ்டஸ், டைபீரியஸ், கிளாடியஸ் ஆகிய பேரரசர்களின் காசுகள் அவை. இந்தியப் பொருள்களுக்காக ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டெர்ஸ் ரோமை விட்டுப் போகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி குறைபட்டுக்கொண்டார். அந்தப் பணத்தின் ஒரு துளி பெங்களூரு வரை வந்திருக்கிறது.

ஆயினும், பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்ல வெள்ளியைவிட வெண்கலமே ஏற்றது என்போம். வெள்ளியும் பொன்னும் கண்ணாடிப் பேழைக்குள் இருக்க வேண்டியவை. 4-ஆம் நூற்றாண்டின் சிறு வெண்கலக் காசுகளோ பெருந்தொகையில் வார்த்தெடுத்து முத்திரையிடப்பட்ட சில்லறை. அவற்றுள் அரியவையும் உண்டு. எனினும் பெரும்பாலானவை ஒரு சிறுவனின் உள்ளங்கையில் அச்சமின்றி வைக்கத்தக்கவை.

வகுப்பறைக்கு ஒரு காசும், உருப்பெருக்கியும், ஆய்வகத் தராசும் போதும். ஒருபுறம் முத்துமாலை சூடிய அரசர். மறுபுறம் கொடிகளுடன் இரு வீரர்கள். அடியிலுள்ள கோட்டின் கீழ் 'ஏ, என், டி' எனத் தெரிந்தால் அந்தியோக்கியா. 'ஏ, எல், ஈ' எனில் அலெக்சாந்திரியா. உடனே நம் ரூபாய் நாணயத்தையும் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆண்டு எண்ணின் கீழ் வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, குறியே இல்லையேல் கொல்கத்தா. நாணயச்சாலை தன் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இன்றும் தொடர்வதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர்.

பிறகு எடை போடட்டும். ஒரே வகைக் காசுகள் இரண்டு ஒத்த எடையில் இரா. வெண்கலம் எடைக்காக அன்று, அரசின் சொல்லுக்காகவே செல்லுபடியானது. அப்படியெனில், ரோமின் ஆணை எட்டாத கரூரில் அதை வாங்கியவர் யாரை நம்பி வாங்கினார்? அமராவதிப் படுகையில் இக்காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. பல, கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. கரூர், மதுரை, திருக்கோவிலூர்க் காசுகளை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். இலங்கையிலோ, இவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே போலி வார்ப்புகள் செய்திருக்கிறார்கள். சில்லறைத் தட்டுப்பாடு பழைய நோய்தான் போலும்.

சேகரிக்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். வீட்டுப் பாத்திரத்தைப் போலப் புளியிட்டுத் துலக்க வேண்டா. பச்சைப் பூச்சோடு எழுத்தும் போய்விடும். ஈரம் படாத உறையில், கிடைத்த ஊரையும் நாளையும் எழுதி வையுங்கள். ஊர் தெரியாத காசு பாதி ஊமை. நூறாண்டு கடந்த நாணயங்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவற்றை விற்பனை செய்வோருக்கு உரிமம் தேவை, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடையுண்டு. நிலத்தில் புதையல் கிட்டினால், 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே இக்கடமை உண்டு.

காசு கைக்கு எட்டாத பள்ளிகள் பிள்ளைகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். உருப்பெருக்கியை மறக்க வேண்டா.