விளம்பரப் பணமும் பொய்ப் படங்களும்

ஒரு விளையாட்டுக்கோ விழாவுக்கோ பணம் கொடுத்து, அதற்கு ஈடாகத் தன் பெயரையும் சின்னத்தையும் அங்கே நிறுத்திக்கொள்ளும் நிறுவனத்தை ஸ்பான்சர் என்றும் புரவலர் என்றும் அழைப்பது வழக்கம். இந்த ஏற்பாடு நன்கொடை அன்று. அந்த நிகழ்ச்சியின்மேல் மக்கள் வைத்திருக்கும் பற்றில் ஒரு பங்கை நிறுவனம் விலை கொடுத்து வாங்குகிறது. பற்றில் பங்கு கேட்பவர் அங்கே நேரும் துன்பத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்னும் வாதம் இதிலிருந்தே பிறக்கிறது. துன்பப்படுவது விலங்காக இருந்தால், போட்டிக்கு அது இசைவு தந்திருக்கவே முடியாது என்பதால், அந்த வாதம் இன்னும் வலுப்பெறுகிறது. ஆனால் இந்தப் பொறுப்பை வலியுறுத்துவோர் இன்று பெரும்பாலும் சமூக ஊடகங்களில் பரவும் படங்களையே நம்பி நிற்கிறார்கள். படம் பொய் என்று தெரியவரும்போது அதனால் நன்மை அடைவது யார் என்பது போதிய அளவில் சிந்திக்கப்படாத கேள்வியாகவே இருக்கிறது.

அலாஸ்காவில் நடைபெறும் இடிடராட் என்னும் நாய் வண்டிப் பந்தயம், புரவலர் பொறுப்பைப் பற்றிய நீண்ட சர்ச்சைக்கு உள்ளானது. 1925ஆம் ஆண்டு நோம் என்ற சிற்றூரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, உறைபனிக் காலத்தில் வேறு வழியின்றி, நாய்கள் இழுத்த வண்டிகளே கைமாற்றிக் கைமாற்றி மருந்தை அங்கே கொண்டு சேர்த்தன. பின்னாளில் பனியில் ஓடும் மோட்டார் வண்டிகள் பெருகி, நாய் வண்டி வழக்கொழியத் தொடங்கியபோது, அந்த மரபைக் காக்க வேண்டும் என்னும் நோக்கத்தோடு 1973இல் ஆங்கரேஜிலிருந்து நோம் வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் தொலைவுக்கு இந்தப் பந்தயம் தொடங்கப்பட்டது. வழிநெடுகக் கால்நடை மருத்துவர்கள் நாய்களைப் பரிசோதிக்கிறார்கள் என்பது அமைப்பாளர்களின் விளக்கம். தொடக்கம் முதல் 150க்கும் மேற்பட்ட நாய்கள் இறந்துவிட்டன என்பது பீட்டா என்னும் விலங்கு உரிமை அமைப்பின் குற்றச்சாட்டு. அந்த எண்ணிக்கையை அமைப்பாளர்கள் ஏற்பதில்லை.

எண்ணிக்கை குறித்த சர்ச்சையைத் தள்ளி வைத்துவிட்டு, 2017ஆம் ஆண்டுப் பந்தயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே பிரச்சினையின் உண்மையான வடிவம் தெரியும். அந்த ஆண்டு பந்தயத்தோடு தொடர்புடைய ஐந்து நாய்கள் இறந்தன. அவற்றுள் பாதையிலேயே சுருண்டு விழுந்தவையும் உண்டு. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டு விமானத்தில் அனுப்பப்பட்டபோது உடல் வெப்பம் மிகுந்து இறந்ததும் உண்டு. கட்டு விடுபட்டு ஓடி, வாகனத்தில் அடிபட்டு இறந்ததும் உண்டு. சாட்டையடியும் இரத்தமும் எதிர்பார்த்து வருவோருக்கு இந்தப் பட்டியல் ஏமாற்றம் தரலாம். ஆனால் கொடுமை என்பது எப்போதும் ஒரு கொடியவனின் கையில் இருப்பதில்லை. போதிய கவனிப்பின்றி, தாங்கும் அளவுக்கு மேல் வேலை வாங்கும் ஏற்பாட்டுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கக்கூடும் என்பதை எந்தப் படத்தைக் காட்டிலும் இந்தப் பட்டியலே துல்லியமாக எடுத்துரைக்கிறது.

வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2017இல் இந்தப் பந்தயத்துக்கான ஆதரவை நிறுத்தியது. அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2020 பந்தயத்தோடு விலகியது. 1978 முதல் ஆதரவளித்துவந்த எக்ஸான்மொபில் நிறுவனமும் 2021இல் தன் முடிவை அறிவித்தது. விலங்கு நல அமைப்புகள் இவற்றைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாடின. ஆனால் விமான நிறுவனம் தன் கொடைக் கொள்கை மாறியதாகவும், எண்ணெய் நிறுவனம் பொருளாதாரச் சூழலை முன்னிட்டுத் தன் ஆதரவுகளை மறுஆய்வு செய்ததாகவும் சொல்லினவே ஒழிய, நாய்களைக் காரணமாகக் காட்டவில்லை. இது பொறுப்பேற்பு ஆகாது, ஓசையின்றி நழுவிச் செல்வதே ஆகும். இறந்த நாய்களின் உடற்கூறாய்வு அறிக்கைகளை முழுமையாக வெளியிட வேண்டும், ஓய்வு நேரத்தைக் கூட்ட வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகளை ஒப்பந்தத்திலேயே எழுதும் வல்லமை பணம் தருபவருக்கு உண்டு. நாற்பது ஆண்டுக்கும் மேலாகத் தன் சின்னத்தை அங்கே நிறுத்தியிருந்த நிறுவனம், வெளியேறும் நாளிலாவது தான் கண்டதைச் சொல்லியிருக்கலாம்.

நிறுவனங்கள் இவ்வளவு எளிதாக வாய் மூடிக்கொள்ள, பொய்ப் படங்களும் ஒரு வகையில் துணைபோகின்றன. எருதுச் சண்டை வளையத்தின் ஓரத்தில் தலையைக் கையில் தாங்கியபடி ஒரு வீரர் அமர்ந்திருக்க, முதுகில் ஈட்டிகள் தைத்த காளை அவர் எதிரே நிற்கும் படம் பல ஆண்டுகளாக உலகெங்கும் பகிரப்பட்டுவருகிறது. சண்டையின் நடுவே மனம் மாறி அமர்ந்துவிட்ட கொலம்பிய வீரர் ஆல்வரோ முனேரா இவர் என்பது படத்தோடு வரும் கதை. உண்மையில் படத்தில் இருப்பவர் வேறொரு வீரர். சோர்ந்துபோன காளையின் எதிரே அச்சமின்றி உட்கார்ந்து தன் ஆதிக்கத்தை அவையோருக்குக் காட்டும், ‘தெஸ்பிளாந்தே’ எனப்படும் வழக்கமான சாகசச் செய்கையே அது. வருந்துபவராகக் கொண்டாடப்பட்டவர் உண்மையில் வெற்றியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

முனேராவின் உண்மை வரலாறோ இந்தக் கற்பனையைவிட ஆழமானது. 1984இல் ஸ்பெயினில் காளை முட்டியதில் முதுகெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுவதும் சக்கர நாற்காலியில் இருக்க நேர்ந்த அவர், சிகிச்சைக்காக அமெரிக்கா சென்ற காலத்தில் அங்கிருந்தோர் எழுப்பிய கேள்விகளால் தம் தொழிலையே மறுத்து எண்ணத் தொடங்கினார். பின்னர் கொலம்பியாவின் மெடலின் நகரமன்ற உறுப்பினராகி, எருதுச் சண்டைக்கு எதிராக இடைவிடாது போராடினார். ஒரு கணத்தில் நேர்ந்த அற்புதமாக அல்லாமல், ஆண்டுக்கணக்கில் வளர்ந்த மனமாற்றமாக இருந்தது அது. இப்படியொரு சான்று கையில் இருக்கும்போது பொய்யான படத்தைப் பரப்பியவர்கள் எருதுச் சண்டையை ஆதரிப்போருக்கு, அதற்குப் பணம் தருவோரையும் சேர்த்து, ஓர் ஆயத்த மறுமொழியைக் கொடுத்துவிட்டார்கள். படம் தவறு என்று நிறுவுவது எளிது; அதைச் செய்துவிட்டால், காளையின் முதுகில் தைத்திருந்த உண்மையான ஈட்டிகளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

படம் மெய்யாகவே இருந்து, அதனோடு சேர்ந்த சொற்கள் பொய்யாக இருப்பதும் உண்டு. 2020 மே 27 அன்று கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வாய் சிதைந்த கருவுற்ற யானை ஒன்று வெள்ளியாற்றில் நின்றபடியே உயிர்விட்டது. பலர் அதை மலப்புரம் மாவட்டத்தில் நடந்ததாக எழுதினார்கள். வேண்டுமென்றே யாரோ அன்னாசிப் பழத்தில் வெடி வைத்து ஊட்டியதாகவும் செய்தி பரவி, ஒரு மாவட்டத்து மக்கள்மீதே வெறுப்பு கிளறப்பட்டது. காட்டுப்பன்றிகளுக்காக, தமிழ்நாட்டில் அவுட்டுக்காய் என்று சொல்லப்படும் வெடிபொருளை ஒத்த ஒன்றைத் தேங்காயில் வைத்திருந்தார்கள் என்பதே விசாரணையில் வெளிப்பட்டது. யானைக்கு நேர்ந்த கொடுமை இதனால் அணுவளவும் குறையவில்லை. ஆனால் பேசப்பட்டிருக்க வேண்டியது காடுகளை ஒட்டிய விளைநிலங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் இந்த வெடி. பேசப்பட்டதோ மாவட்டத்தின் பெயர்.

இவை எல்லாவற்றிலும் கொடியது, படத்துக்காகவே கொடுமையை உண்டாக்கும் வழக்கம். மலைப்பாம்பின் பிடியில் நாய்க்குட்டி துடிப்பதாகவும், தற்செயலாக அங்கே வந்த ஒருவர் அதைக் காப்பாற்றுவதாகவும் அமைந்த காணொளிகள் ஏராளம். பாம்பும் குட்டியும் கொண்டுவந்து விடப்பட்டவை. கேமரா முன்கூட்டியே தகுந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. இரக்கமுள்ள பார்வையாளர் அதைப் பகிரப் பகிர, அடுத்த குட்டி பிடித்துவரப்படுகிறது. விலங்கு நல அமைப்புகளின் கூட்டணி ஒன்று 2021இல் வெளியிட்ட அறிக்கை, ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் திரட்டிய 5,480 கொடுமைக் காணொளிகள் 500 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டிருந்ததைப் பதிவு செய்தது. அதே ஆண்டு மார்ச்சில், இத்தகைய போலி மீட்புக் காணொளிகளைத் தடை செய்வதாக யூடியூப் அறிவித்தது.

புரவலர் பொறுப்பு என்னும் கேள்வி இங்கே புதிய உருவெடுக்கிறது. காணொளியின் முன்னும் நடுவிலும் வரும் விளம்பரங்களின் வருவாயில் ஒரு பங்கு அதைப் பதிவேற்றியவருக்குப் போகிறது. எந்தக் காணொளியில் எந்த விளம்பரம் வரவேண்டும் என்பதைக் கணினியே நொடியில் முடிவு செய்வதால், தன் சோப்பு விளம்பரத்தின் பணம் ஒரு நாய்க்குட்டியின் கழுத்தை நெரிக்கப் பயன்பட்டது அந்த நிறுவனத்துக்குத் தெரியாமலே போகலாம். தெரியாது என்பது உண்மையாக இருக்கலாம், ஆனால் தெரிந்துகொள்ள வழியில்லை என்பது உண்மை அன்று. விளம்பரம் எங்கெங்கே தோன்றியது என்னும் அறிக்கையைக் கேட்டுப் பெறவும், வேண்டாத சேனல்களை விலக்கவும் விளம்பரதாரருக்கு வசதி உண்டு. 2017இல் தீவிரவாதக் காணொளிகளோடு பல நிறுவனங்களின் விளம்பரங்கள் தோன்றியதை லண்டன் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்தியபோது, ஏடி அண்ட் டி, வெரைஸன் முதலிய பெரு நிறுவனங்கள் யூடியூபிலிருந்து விளம்பரங்களை நிறுத்திவைத்தன. அதே நாட்களில் கூகுள் நிறுவனம் தன் விதிகளை இறுக்குவதாக வாக்களித்தது. அன்று தங்கள் நற்பெயருக்காகக் காட்டிய அந்த வேகத்தை, கேமராவுக்காகப் பாம்பின் முன் விடப்படும் விலங்குகளுக்காக இந்த நிறுவனங்கள் இன்னும் காட்டவில்லை.