மாடி ஏறிப் பார்த்தியா?

"ஏண்டா, ஐப்பசி பொறந்து நாலு நாள் ஆச்சு. மாடி ஏறிப் பார்த்தியா?"

அம்மா இப்படிக் கேட்டால் திருவண்ணாமலையில் மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். வானிலை அறிக்கையெல்லாம் அப்புறம்தான்.

"ஞாயித்துக்கிழமை பார்க்கறேம்மா" என்பேன். சில வருஷங்களுக்கு முன்பு அப்படியே நாலு ஞாயிறு போனது. ஐந்தாவது வாரம் ஒரு நடுராத்திரி, சொட்... சொட்... நேராக பீரோ மேல் இருந்த ஃபைல் மீது! உள்ளே என் பி.காம். சர்டிபிகேட். டார்ச்சோடு ஓடினால் மாடியே தெப்பக்குளம். தண்ணீர் போகும் குழாய் வாயில் வேப்பஞ்சருகும், பக்கத்து வீட்டுப் பொடியனின் ரப்பர் பந்தும்.

காமர்ஸ் படித்தவன், கணக்குப் பார்த்தேன். சருகு அள்ள ஆகும் செலவு: பத்து நிமிஷம். அள்ளாத செலவு: கொத்தனார் கூலி, சிமென்ட், பெயிண்ட், அம்மாவின் வசவு. கடைசி ஐட்டத்துக்குத் தேய்மானமே கிடையாது!

இப்போதெல்லாம் புரட்டாசி கடைசியிலேயே ஒரு ஞாயிறு ஒதுக்கிவிடுகிறேன். நீங்களும் பேன்ட்டை மடித்துக்கொண்டு ஏறுங்கள், சார்.

முதலில் மாடி. சருகை அள்ளி, குழாய் வாயில் கம்பி வலை வையுங்கள். தட்டோடு இடுக்கில் விரிசல் இருந்தால் வெயில் காயும்போதே அடைத்துவிடுங்கள். ஈரத்தில் பூசினால் ஒட்டாது.

அடுத்தது மழைநீர்த் தொட்டி. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டாயமானது. அப்போது போட்ட ஜல்லி அப்படியே சேறு பிடித்துக் கிடந்தால் தண்ணீர் எப்படி இறங்கும்? எடுத்து அலசிப் போட வேண்டும்.

மூன்றாவது, கரண்ட். ஈரச் சுவரும் பழைய வயரும் ஜென்ம விரோதிகள். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப்பர் இருந்தால் 'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். 'டக்'கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியன்.

நான்காவது, கொல்லைப்புறம். தேங்காய் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு எல்லாம் டெங்கு கொசுவின் பிரசவ வார்டு. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட்டால் கதை முடிந்தது.

இத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன், 2024-க்கு முன்னால் என்றால்.

அந்த வருஷம் நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1. கொட்டித் தீர்த்த மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தன. 7 பேர் போனார்கள். அதில் 5 பேர் குழந்தைகள். டிசம்பர் 13 அன்று வழக்கம்போல் உச்சியில் தீபம் எரிந்தது. மலையேற மட்டும் பக்தர்களுக்கு அனுமதி இல்லை.

எந்தச் சருகை அள்ளியிருந்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அன்றிலிருந்து என் லிஸ்ட்டில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது: கிளம்பத் தயாராக இருப்பது. மலையோரம் குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக வருகிறதா? மரமோ கம்பமோ சாய்கிறதா? சுவரில் புதிதாக விரிசலா? அப்படியென்றால் யோசிக்க நேரமில்லை. வெளியே வந்துவிட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்லுங்கள்.

போன மழைக்கு ஒரு பையைத் தயார் செய்தேன். டார்ச், மாத்திரை, ரேஷன் கார்டு, பிளாஸ்டிக் கவரில் என் டிகிரி சர்டிபிகேட். பெருமையாக அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மழை வலுத்தா மொதல்ல நீ எந்திரிச்சு வெளிய வா. சர்டிபிகேட்டு என்னடா பெரிய சர்டிபிகேட்டு!"