பள்ளியிறுதிக்குப் பின்: எந்தக் கல்வி, எதற்காக?

ஒவ்வோர் ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில், மாலைக்குள் நம் இல்லங்கள் பலவற்றில் மூன்று முடிவுகளுள் ஒன்று எடுக்கப்பட்டு விடுகிறது. மதிப்பெண் மிகுந்த மகனுக்குப் பொறியியல் கல்லூரி. மதிப்பெண் குறைந்த மகனுக்குப் பாஸ்போர்ட். மகளுக்கு, அவள் பெற்ற மதிப்பெண் எதுவாயினும், மாப்பிள்ளை. எல்லா இல்லங்களிலும் இவ்வாறே நடக்கிறது என்று கூற நாம் முற்படவில்லை. நிலைமை மாறி வருகிறது என்பதும் உண்மையே. ஆயினும் இம்மூன்று முடிவுகளுக்கும் பின்னே நிற்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: 'இதனால் எவ்வளவு வருமானம்?' அக்கேள்வி தவறானதன்று. ஆனால் அதற்கு முன்பாகக் கேட்கப்பட வேண்டிய வேறொரு கேள்வி நம் மரபில் இருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வகைக் கடமைகள்

ஓதும்படி ஏவிய கட்டளையோடு தொடங்கிய வேதம் நம்முடையது. பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுத்தறிவு பெற்றிருந்தவர்கள் மதீனத்துச் சிறார்க்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே தங்கள் விடுதலைக்கு ஈடாகப் பெருமானார் (ஸல்) ஏற்றார்கள் என்பதை நாம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கல்வியின் சிறப்பைச் சொல்வதில் நம்மிடம் குறைவில்லை. எந்தக் கல்வியை யார் கற்பது என்பதில்தான் தெளிவு குறைந்து போயிற்று.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் தொடக்கப் பகுதியிலேயே இதனை ஆராய்கின்றார். ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே கடமையான கல்வி ஒன்று. அது ஃபர்ளு ஐன். சமுதாயத்தில் சிலரேனும் கற்றாக வேண்டியதும், எவருமே கற்காவிடில் அனைவரும் குற்றவாளிகளாவதுமான கல்வி மற்றொன்று; அது ஃபர்ளு கிஃபாயா. இந்த இரண்டாம் வகையில் அவர் மருத்துவத்தையும் கணக்கையும் சேர்க்கிறார். உழவையும் நெசவையும் தையலையுங்கூடச் சேர்க்கிறார். உலகத் தேவைக்கான தொழில்கள் என நாம் ஒதுக்கி வைப்பவை அவரிடத்தில் மார்க்கக் கடமையின் ஓர் உறுப்பாகி விடுகின்றன.

அவர் எழுப்பும் முறையீடு இன்னும் கூர்மையானது. ஊர்கள் பலவற்றில் முஸ்லிம் மருத்துவர் ஒருவர்கூட இல்லை. மாணவர்களோ சட்ட விவாதங்களைக் கற்கவே திரண்டு செல்கின்றனர். அங்கேதான் பதவியும் செல்வாக்கும் கிடைக்கின்றன என்பதே காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சாடுகின்றார். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த முறையீட்டில் துறைகளின் பெயரை மட்டும் மாற்றினால், அது நம் காலத்து முறையீடாகவே ஒலிக்கும். ஒரு துறையில் இடமின்றி நெருங்குகிறோம். பிற துறைகளைக் காலியாக விட்டுவிடுகிறோம்.

காலியாகக் கிடக்கும் இடங்கள்

2001ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5 விழுக்காடுதான். நாம் தொடக்கத்தில் பின்தங்கியவர்கள் அல்லர் என்பதற்கு இது சான்று. ஆனால் உயர்கல்வியின் மேற்படிகளில் நிலைமை வேறு. 2006இல் அளிக்கப்பட்ட நீதிபதி சச்சார் குழுவின் அறிக்கை, நாட்டின் முதல்தரக் கல்லூரிகளில் இளநிலை மாணவர் இருபத்தைவருள் ஒருவரும், முதுநிலை மாணவர் ஐம்பதின்மருள் ஒருவருமே முஸ்லிம்கள் எனக் கண்டது. அது இந்தியா முழுமைக்குமான கணக்கு. எனினும், ஏறும் படி உயர உயர நம் எண்ணிக்கை குறைகிறது என்னும் செய்தியை எவரும் அலட்சியம் செய்வதற்கில்லை.

ஆகவே மாணவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இது: என் ஊரில், என் சமுதாயத்தில், என் நாட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறது? அவற்றுள் என் இயல்புக்கு ஏற்றது எது? வழக்குரைஞர் தேவைப்படுகிறார், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த உடனேயே ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். வணிகக் குடும்பங்கள் நிறைந்த நமக்குப் பட்டயக் கணக்கர்கள் வேண்டும். அதன் முதல்நிலைத் தேர்வுக்கும் பள்ளியிறுதி முடித்தவர் ஆயத்தமாகலாம். குடிமைப் பணித் தேர்வை எழுத எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றிருந்தாலும் போதும், 'வெறும் பி.ஏ. வரலாறு' என்று நாம் இகழும் படிப்பு அங்கே பெருந்துணையாகிறது. நம் முன்னோர் அரபு எழுத்தில் எழுதி வைத்த அரபுத்தமிழ் ஏடுகளைப் படித்துப் பதிப்பிக்கும் ஆற்றலுடையோர் அருகி வருகின்றனர். இதுவும் ஒரு கிஃபாயாக் கடமையே என்பது நம் கருத்து.

இதற்கெல்லாம் இடம் தர நம் முன்னோர் தவறவில்லை. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. 1951இல் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் தோன்றின. தோல் வணிகத்திலும் பிற வணிகங்களிலும் ஈட்டிய பொருளைப் பெருமக்கள் கல்விக்கு வழங்கியதன் விளைவுகள் இவை.

சபரும் படிப்பும்

கடற்கரை ஊர்களில் சபர் என்பது பயணம் மட்டுமன்று, வாழ்க்கை முறை. வளைகுடாவின் வருவாயே பல வீடுகளைக் கட்டியது, பல தங்கைகளைக் கரையேற்றியது, பல பள்ளிவாசல்களைப் புதுப்பித்தது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேசும் உரிமை எவர்க்கும் இல்லை. ஆனால் காலம் மாறியிருப்பதைச் சபராளிகளே நன்கு அறிவர். சவூதி அரேபியா 2011இல் நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் தம் நாட்டவரையே பணியமர்த்த வேண்டும் என்பது அதன் சாரம். இத்தகைய விதிகளின் பாரம் முதலில் விழுவது தனித்திறன் இல்லாத ஊழியர் மீதே. பதினெட்டு வயதில் கடை உதவியாளராகச் செல்பவர் பத்தாண்டு கழித்தும் அதே நிலையில் திரும்பக்கூடும். பட்டமோ, பாலிடெக்னிக் பட்டயமோ, தொழிற்பயிற்சிச் சான்றோ பெற்றுச் செல்பவருக்கு ஏறிச்செல்ல ஒரு படியாவது இருக்கும். குடும்பத்தின் நெருக்கடி மூன்றாண்டு பொறுக்குமானால் சபரைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

'பொறுக்காது' என்னும் வீடுகளும் உண்டு. இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) பிறந்த வீடு அத்தகையதே. வறுமையால் அவரைக் கைத்தொழிலுக்கு அனுப்பவே வீட்டார் விரும்பினர். இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) மாணவரின் திறனைக் கண்டு, தம் கைப்பொருளால் அவரைத் தாங்கிப் பாடம் தொடரச் செய்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அம்மாணவரே பின்னர் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாகி, அரசின் வரி முறை பற்றிய 'கிதாபுல் கராஜ்' நூலை எழுதினார். இங்கே கவனிக்கத்தக்கவை இரண்டு. ஆசிரியர் பட்டு வணிகர். வணிகமும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இரண்டாவது, வறிய மாணவனின் கல்வி அவன் வீட்டின் பொறுப்பாக மட்டும் விடப்படவில்லை.

பெண் மக்கள்

கல்வி கடமை என்று கூறிய மார்க்கம் அதை ஆண் மக்களுக்கு மட்டும் வரையறுக்கவில்லை. பத்தனம்திட்டாவில் 1927இல் பிறந்த ஃபாத்திமா பீவி, சட்டம் பயில்வதற்குத் தம் தந்தையாரின் ஊக்கத்தைப் பெற்றார். 1950இல் வழக்குரைஞராகப் பதிவு செய்துகொண்டார். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டின் ஆளுநராகவும் விளங்கினார். ஒரு தந்தை தன் மகளின் படிப்பைப் பாதியில் நிறுத்தாததன் பயன் இது.

பட்டப்படிப்பு முடியுமுன் திருமணம் பேசுவோர் 'மணமான பின் படித்துக்கொள்ளலாம்' என்கின்றனர். அச்சொல் எத்தனை வீடுகளில் நிறைவேறியது என்பதை அவரவர் உறவினரைப் பார்த்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். கணவரை இழந்தோ, மணவிலக்குப் பெற்றோ பிள்ளைகளுடன் தாய்வீடு திரும்பும் பெண்ணுக்கு நகையைவிட நீண்டநாள் துணை நிற்பது கல்வியே. வெளியூர்க் கல்லூரி பற்றிய பெற்றோரின் அச்சம் இயல்பானது. நல்ல விடுதியைத் தேடித் தருவதே அதற்கு விடை; கல்வியைத் துண்டிப்பது விடையாகாது.

பொருளும் ஆவணமும்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கென 3.5 விழுக்காட்டுத் தனி ஒதுக்கீடு 2007இல் வந்தது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, தூதேகுலா, அன்சார், தக்கனி, ஷேக், சையத் ஆகிய பிரிவினர் அதில் அடங்குவர். மாநிலக் கல்லூரிகளில் சேர இதற்கான சாதிச் சான்றிதழ் வேண்டும். மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் இந்த 3.5 விழுக்காடு இல்லை. அங்குள்ள 27 விழுக்காட்டுப் பிற்பட்டோர் ஒதுக்கீட்டைப் பெற, வருமான வரம்புக்கு உட்பட்ட வேறொரு சான்றிதழ் தேவை. இந்த வேறுபாட்டை அறியாமல் கடைசி நாளில் தவிக்க நேர்வதுண்டு. பள்ளியின் இறுதியாண்டிலேயே இரண்டையும் பெற்று வைத்தல் நலம்.

வட்டி கலந்த கல்விக் கடனை ஏற்கத் தயங்குவோரின் தயக்கம் ஈமானிலிருந்து பிறப்பது, அதனை மதிக்கிறோம். ஆனால் மாற்று வழி காட்டாமல் தயக்கத்தை மட்டும் போற்றினால் பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடுவான். கட்டணம் குறைந்த அரசுக் கல்லூரிகள் உள்ளன. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையை விசாரித்து அறியலாம். வறிய மாணவருக்கு ஜகாத் நிதியிலிருந்து உதவ இயலும். மஹல்லாதோறும் பைத்துல்மால் அமைத்து, ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகளையேனும் பட்டம் பெறும்வரை தாங்குவது ஜமாஅத்துகளால் இயலாத காரியமன்று. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையை மத்திய அரசு 2022இல் நிறுத்திய பின், இப்பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

தேர்வுக்கு நம் மரபு காட்டும் வழி இரண்டு: மஷூராவும் இஸ்திகாராவும். அத்துறையில் இருப்பவரிடம் கலந்து பேசுவது முதலாவது. மாமாவின் நண்பர் மகன் எங்கே சேர்ந்தான் என்று கேட்பது மஷூரா ஆகாது. இஸ்திகாராவைக் குர்ஆனின் அத்தியாயம் ஒன்றைக் கற்பிப்பது போலப் பெருமானார் (ஸல்) தோழர்களுக்குக் கற்பித்தார்கள். அது கனவுக்காகக் காத்திருத்தலன்று. விசாரித்து, எண்ணிப் பார்த்து, ஒரு முடிவை நாடியபின், அதில் நன்மையிருப்பின் எளிதாக்கவும், இல்லையெனில் திருப்பிவிடவும் வேண்டும் துஆ அது. திருப்பிவிடப்படுவதும் அந்த துஆவுக்கான விடையே.

தோல்வியைப் பற்றி நினைக்கும்போது இது பெரிதும் உதவும். விமானப் படைத் தேர்வில் எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பிழந்தவர் அப்துல் கலாம். அவர் பொறியியல் கல்லூரியில் சேரத் தம் நகைகளை அடகு வைத்தவர் அவருடைய சகோதரி. இழந்த இடத்தைக் காட்டிலும் பின்னால் கிடைத்தது பெரிது. ஒரு நுழைவுத் தேர்வின் முடிவுக்காக உயிரையே மாய்த்துக்கொள்ளும் இளையோரைப் பற்றிய செய்திகள் நம்மை உலுக்குகின்றன. உயிர் இறைவன் தந்த அமானிதம். அதனை மதிப்பெண் தாளோடு நிறுத்துப் பார்க்க எவர்க்கும் உரிமையில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர். கடுமை மாணவரைக் கெடுத்து, பொய்க்கும் சோம்பலுக்கும் பழக்கிவிடும் என்று இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் தனி இயலே எழுதியிருக்கின்றார்.

கல்லூரி என்பது தொழுகையையும் ஒழுக்கத்தையும் நினைவூட்ட வீட்டார் அருகில் இல்லாத இடமுமாகும். அங்கே தக்க நண்பரையும் நல்ல நூலகத்தையும் முதல் மாதத்திலேயே தேடிக்கொள்பவர் பாதி வழியைக் கடந்துவிட்டார். பிற சமயத்து நண்பர்களுடன் மனம் ஒன்றிப் பழகுவதும் அங்கே கற்க வேண்டிய கல்வியே.

பல்லாண்டுகள் கற்றுத் தேர்ந்த மாணவர் ஒருவர், தாம் கற்றவற்றுள் மறுமைக்கு உதவுவது எது எனக் கேட்டு எழுதியதற்கு விடையாகவே இமாம் கஸ்ஸாலி (ரஹ்) 'அய்யுஹல் வலத்' என்னும் சிறுநூலை எழுதினார். செயலோடு சேராத கல்வி பயன் தராது என்பதே அதன் உயிர்நாடி. அக்கேள்வியை அம்மாணவர் படித்து முடித்தபின் கேட்டார். நம் பிள்ளைகள் அதனைப் படிக்கத் தொடங்கும்போதே கேட்டுவிடுவார்களானால், அவர்கள் பெறும் பட்டம் எதுவாயினும் அது அவர்களுக்கும் சமுதாயத்திற்கும் பயன் தரும். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக.