அலாய் வீல் அடிபட்டா இன்ஷூரன்ஸ் கிளெய்மா, உப்புத்தாளா?

போன நவம்பர் மழையில, பீர்க்கன்கரணை பக்கம் ஜிஎஸ்டி ரோட்டுல இருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும்போது தண்ணி தேங்கின பள்ளத்துல காரை விட்டுட்டேன். 'டங்'னு ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தா, இடது முன் அலாய் வீல் விளிம்புல ஒரு ஜாண் நீளத்துக்குச் சிராய்ப்பு. சர்வீஸ் சென்டர்ல புது வீலுக்கு 9,000 ரூபாய் சொன்னாங்க. கூடவே, "கிளெய்ம் போட்டுடலாம் சார், உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆகும். வீடியோவில் இந்தக் கணக்கு வேகமா ஓடிருச்சு, இங்கே நிதானமா பார்ப்போம். காருக்கு மூன்றரை வயசு. 3 முதல் 4 வருஷத்துக்குள்ள இருக்கிற வண்டியோட உலோக பாகத்துக்கு 25% தேய்மானம் கழிப்பாங்க. 9,000 அப்போ 6,750 ஆகுது. கட்டாயமா நாம ஏத்துக்க வேண்டிய தொகை 1,500 சிசி வரைக்கும் 1,000 ரூபாய். கைக்கு வர்றது 5,750.

இப்போ போறது என்ன? மூணு வருஷம் கிளெய்ம் இல்லாததால எனக்கு 35% நோ கிளெய்ம் போனஸ். ஓன் டேமேஜ் பிரீமியம் 8,000னு வெச்சுக்கோங்க. கிளெய்ம் போடலைன்னா அடுத்த வருஷம் 45%, அதுக்கப்புறம் 50%. போட்டா பூஜ்யத்துல இருந்து 20, 25, 35, 45னு மறுபடி ஏறணும். வித்தியாசத்தை வருஷா வருஷம் கூட்டினா 3,600 + 2,400 + 2,000 + 1,200 + 400 = 9,600 ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், அதனால நிஜத்துல கொஞ்சம் கம்மியா வரும். ஆனாலும் 5,750-ஐ விட அதிகம்தான். போனஸைக் காப்பாத்துற ஆட்-ஆன் எடுத்திருந்தா மட்டும் கதை வேற, பாலிசியைப் புரட்டிப் பாருங்க.

சரி, வீட்டுலயே செய்வோம்னு இறங்கினேன். மேல்சிராய்ப்புக்கு இது நல்ல வழிதான். ஷாம்பு போட்டுக் கழுவி, தின்னரால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கணும். பழைய விசிட்டிங் கார்டுகளை டயருக்கும் விளிம்புக்கும் நடுவுல வரிசையா சொருகினா பெயிண்ட் டயர்ல படாது (ஆடிட்டர் வீட்டுல இதுக்கா பஞ்சம்!). 240 நம்பர் உப்புத்தாள்ல பிசிறு எடுத்து, மெட்டல் பட்டி வெச்சு, காஞ்சதும் 400, 800னு தண்ணி தொட்டுத் தேய்க்கணும். உலர்ந்து தேய்ச்சா பிரேக் தூசி மூக்குலதான் போகும். பிறகு பிரைமர், சில்வர், கிளியர், ஒவ்வொண்ணும் மெல்லிசா ரெண்டு மூணு கோட். மழைக்காலத்துல கிளியர் அடிச்சா ஈரப்பதத்துல பால் மாதிரி வெளுத்துடும், அதனால பொங்கல் வரைக்கும் காத்திருந்தேன். மொத்தம் 1,300 ரூபாய், ஒரு ஞாயித்துக்கிழமை. பளபளன்னு கடைஞ்ச டைமண்ட் கட் வீலா இருந்தா இதெல்லாம் வேண்டாம், அதை லேத்துலதான் கடையணும்.

ஆனா நான் ஒரு தப்பு பண்ணினேன். வீலைக் கழட்டாமலே பெயிண்ட் அடிச்சேன்.

33 பிஎஸ்ஐ வெச்ச காத்து வாரக் கடைசியில 26ல நின்னுச்சு. வால்வுதான்னு நினைச்சு காத்து அடிச்சுக்கிட்டே ஒரு மாசம் ஓட்டிட்டேன். பெருங்களத்தூர்ல ஒரு பஞ்சர் கடை அண்ணன்தான் வீலைக் கழட்டி உள்பக்கம் சோப்புத் தண்ணி தடவினார். மயிரிழை மாதிரி ஒரு விரிசல், அதுல இருந்து குமிழ். அந்த வீலோடதான் வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் வரைக்கும் அவுட்டர் ரிங் ரோட்டுல ரெண்டு தடவை போயிருக்கேன். பின்சீட்ல என் பொண்ணு.

அதனால முதல்ல வீலைக் கழட்டி உள்பக்கத்தைப் பாருங்க. விரிசலோ வளைவோ இருந்தா பட்டி, பெயிண்ட் எதுவும் உதவாது. ரோட்டோரத்துல சூடு பண்ணித் தட்டி நிமித்துறதும் அலுமினியத்தோட பலத்தைக் கெடுக்கும். நட்டு உக்கார்ற இடத்துலயும், ஹப்போட ஒட்டுற பின்பக்கத்துலயும் பெயிண்ட் படக்கூடாது. அது அமுங்கினா நட்டு தளரும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை டார்க் ரெஞ்ச்சால சரிபாருங்க.

கடைசியில புது வீல் 9,000 கொடுத்தே வாங்கினேன். கிளெய்ம் போடலை, மேல சொன்ன கணக்கு மாறவே இல்லையே. பழசு மாடிப்படிக்குக் கீழ கிடக்கு. வெளிப்பக்கம் இன்னும் புதுசு மாதிரிதான் மின்னுது.