தலைகீழாய் நீந்தும் தங்கமீன்

சனத்நகரில் நம்மவர் இல்லங்கள் சிலவற்றில் கண்ணாடித் தொட்டியும் அதில் இரண்டொரு தங்கமீன்களும் இருக்கக் காண்கிறோம். விரல் நீளத்தில் வாங்கிய மீன், வளர்ந்து வருகையில் ஒரு நாள் சாய்ந்து நீந்துகிறது. பிறகு வயிறு மேலாக மிதக்கிறது. இறந்ததென்று எண்ணி வெளியே கொட்டிவிடுவோரும் உண்டு. செவுள் அசைகிறதா என்று முதலில் பார்த்தல் வேண்டும்; அசையுமாயின் உயிர் உண்டு.

மீனின் முதுகெலும்புக்குக் கீழே காற்றுப்பை ஒன்று உளது. நீரில் அமிழாமலும் மிதக்காமலும் நிற்க உதவுவது அதுவே. சீன தேசத்தார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வளர்க்கத் தொடங்கிய தங்கமீனில், அழகு கருதிப் பெருக்கப்பட்ட உருண்டை வகைகள் பல. அவற்றின் குறுகிய உடலுள் குடலும் பையும் நெருக்குண்டு கிடப்பதால் சமநிலை எளிதிற் கெடுகிறது. மிகுதியான தீனி, மலச்சிக்கல், நோய்க்கிருமி ஆகியனவும் காரணமாகலாம்.

நிற்க, மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்பது வேறு. அது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவின் அறிகுறி. மீன் பெருத்தும் தொட்டி பெருக்காமையால் கழிவும் அம்மோனியாவும் மிகுகின்றன.

ஆதலின், இரண்டு நாள் தீனியை நிறுத்துவோம். பின்னர் தோல் நீக்கி வேகவைத்த பட்டாணியைச் சிறிது கொடுப்பதுண்டு. உலர்தீனியை நனைத்து இடுவோம். நீரில் நாலில் ஒரு பங்கை மாற்றுவோம். குழாய்நீரில் குளோரின் இருப்பதால் ஒரு நாள் திறந்து வைத்த பின்னரே ஊற்றுவோம்.

காங்கோ ஆற்றுப் படுகையில், குஞ்சாக இருக்கையில் நேராகவும் வளர்ந்தபின் தலைகீழாகவும் நீந்தும் கெளிறு ஒன்று உண்டு. அதற்கு அஃது இயல்பு, தங்கமீனுக்கோ துன்பம். இங்கிலாந்தில் ஒரு தங்கமீன் 43 ஆண்டு வாழ்ந்து 1999இல் இறந்தது. நம் வீட்டு மீனை அவசரப்பட்டுக் கொட்டிவிடலாகாது.