உங்களுக்குத் தெரியுமா? எல்லாருக்கும் இல்லாத தசை!

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு, சுக்கு மூட்டை தூக்குகிறவர்களின் முன்கைகளைக் கவனித்தால், எல்லாம் ஒன்றுபோல இருக்காது. உங்கள் கையையே சோதித்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனியைச் சுண்டுவிரல் நுனியோடு சேர்த்து, மணிக்கட்டை உள்பக்கமாக லேசாக மடக்குங்கள். நடுவில் கயிறு மாதிரி புடைப்பது பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண்.

புடைக்கவில்லையா? பயம் வேண்டாம். உலக அளவில் சுமார் 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரண்டிலுமோ அது கிடையாது; கிழக்கு ஆசியர்களில் இல்லாதவர்கள் இன்னும் குறைவு. அது இல்லாததால் பிடியின் வலு குறைவதில்லை. அதனால்தான், வேறிடத்தில் அறுந்த நாணுக்குப் பதிலாக வைக்க, அறுவை நிபுணர்கள் முதலில் இதைத்தான் தேடுகிறார்கள்.

2015 ஜனவரியில், இதே கொச்சியின் அம்ருதா மருத்துவமனையில் டாக்டர் சுப்ரமணிய ஐயர் தலைமையிலான குழு, இந்தியாவின் முதல் கைமாற்று அறுவை சிகிச்சையைச் செய்தது. அதுவும் இரண்டு கைகளும்! எலும்பு, தமனி, சிரை, நரம்பு, நாண் என்று ஒவ்வொன்றாக இணைக்க வேண்டும். கொடுத்தவர் கையும் பெற்றவர் கையும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்காது என்பதுதான் சிக்கல்.

ரத்தக்குழாயும் அப்படித்தான். நாடி பார்க்கும் தமனி வழக்கமாக முழங்கைக்குக் கீழே பிரியும். சிலருக்கு மேற்கையிலேயே பிரிந்துவிடும், சிலருக்கு வளைந்து சுற்றிப் போகும். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்யும்போது உள்ளே செலுத்தும் மெல்லிய குழாய் நகராமல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்களுக்கு முன்பு அப்படி ஆகி, தொடை வழியாகச் செய்திருந்தால், அடுத்த முறை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.